கட்டுரையில் விட்டுப்போன பெயர்

மக்களே,

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். மலையாளத்தில் எழுதினால் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிடுவாய். போனில் சொன்னால் பின்னால் யாராவது கூப்பிடுவார்கள், "பிறகு விளிக்கிறேன் அம்மா" என்பாய். இது மெதுவாக வாசிக்க வேண்டிய காரியம். ஒரு வரிக்கு நீ எவ்வளவு நேரம் எடுக்கிறாயோ அவ்வளவு நேரம் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். அதில் எனக்கும் லாபம் இருக்கிறது. லாபம் இல்லாத காரியத்தில் உன் அம்மா இறங்கியதில்லை என்று ஆரியசாலை மார்க்கெட் முழுக்கச் சொல்வார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சொன்னாய்: தவளைக் கட்டுரையை ஜர்னல்காரர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், கடைசி ப்ரூஃப் வந்திருக்கிறது, இந்த வாரத்துக்குள் பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும், அதற்குப் பிறகு ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. உன் குரலில் சந்தோஷம் இருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். சாப்பிட்டாயா என்றேன், சாப்பிட்டேன் என்றாய். அங்கே மழையா என்றேன், மழை என்றாய். லேகாவின் பெயரைச் சேர்த்தாயா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் போனை வைத்துவிடுவாயோ என்று பயம். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களிடமும் லாரிக்காரர்களிடமும் குரல் தாழ்த்தாதவள் நான். நீ வைத்த பிறகு காதில் விழுகிற அந்த வெறும் சத்தத்துக்கு மட்டும் பயப்படுகிறேன். அதனால்தான் எழுத்து. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன். தபாலை நம்பினால் அஸ்ஸாம் வந்து சேருவதற்குள் உன் கெடு தீர்ந்துவிடும்.

இந்த மழைக்காலத்தில் நீ வந்திருந்த நாட்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கிருந்து கன்னியாகுமரி வரை போகிற அந்த நீள வண்டியில் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கினாய். முதுகில் பை, நெஞ்சோடு லேப்டாப், முகத்தில் தாடியும் ஒரு கடுகடுப்பும். நெய்மீன் வாங்கிக் குடம்புளி போட்டுக் குழம்பு வைத்திருந்தேன். நீ ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு மறுகையால் திரையை மேலே தள்ளினாய், கீழே தள்ளினாய். மீன் ஆறியது. மார்க்கெட்டில் அப்படிப்பட்ட முகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"என்னலே, அனுப்பின சரக்கு ஏதும் திரும்பி வந்துட்டா?"

"ஆமா. திரும்பித்தான் வந்திருக்கு."

"சரக்கு மோசமா?"

"சரக்குக்குக் குறையில்லையாம். பேக்கிங்தான் சரியில்லையாம்."

அப்புறம் நீ விளக்கினாய். கட்டுரைக்குள்ளே, இன்னார் இந்த வருஷம் இப்படிச் சொல்லியிருக்கிறார் என்று போகிற போக்கில் பெயர் சொல்ல வேண்டும். கடைசியில் ரெஃபரன்ஸ் என்று ஒரு பட்டியல் போட்டு, அந்த இன்னார் எழுதியது எது, எந்தப் பத்திரிகையில், எந்தப் பக்கத்தில் என்று முழு விலாசம் கொடுக்க வேண்டும். உள்ளே பெயர் வந்தவன் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் இருப்பவன் உள்ளே எங்கேயாவது தலைகாட்டியிருக்க வேண்டும். பழைய தீசிஸிலிருந்து வெட்டி ஒட்டியதில் உனக்கு எல்லாம் கலைந்துவிட்டது. அதோடு முதல் ஜர்னல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இது இரண்டாவது ஜர்னல். அவர்களுக்கு வருஷம் அடைப்புக்குறிக்குள் இருந்தது, இவர்களுக்கு அடைப்புக்குறி ஆகாது. அவர்கள் பத்திரிகைப் பெயரைச் சுருக்கச் சொன்னார்கள், இவர்களுக்கு முழுப் பெயர் வேண்டும், அதுவும் சாய்ந்த எழுத்தில்.

"எதுக்குலே சாயணும்?"

"ரூல், அம்மா."

நான் அதில் குறை காணவில்லை. ஒரு ஹோட்டலுக்குக் கொட்டை நீக்கிய புளிதான் வேண்டும், இன்னொருத்தனுக்குக் கொட்டையோடு வேண்டும், மூன்றாமவன் சாக்கைப் பிரித்து பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தால்தான் எடுப்பேன் என்பான். வாங்குகிறவன் கேட்கிற மாதிரிக் கட்டிக் கொடுக்காதவன் விற்க வரக் கூடாது. இதற்கெல்லாம் கம்ப்யூட்டர் இல்லையா என்று மட்டும் கேட்டேன். கம்ப்யூட்டர்தான் இப்படி ஆக்கி வைத்தது என்றாய். அப்போதுதான் நான் சொன்னேன், பிரிண்ட் எடுத்துக்கொண்டு வா, விளித்துப் பார்ப்போம் என்று.

நம் புளிக்கடையில் லோடு வந்தால் ஒருத்தர் பில்லைப் பிடித்துக்கொண்டு விளிக்க வேண்டும், மற்றவர் சாக்கைத் தொட்டு "உண்டு" என்று சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது, கை படவேண்டும். விளிக்கிறவரும் தொடுகிறவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. ஒரே ஆள் என்றால் மனசு தனக்கு வேண்டியதைக் கண்டுகொள்ளும். உன் அப்பா போன பிறகு தனியாகக் கடையை எடுத்த நாளிலிருந்து நான் விடாமல் பிடித்திருக்கிற வழக்கம் அது. நீ முதலில் சிரித்தாய். பிறகு குடையை எடுத்துக்கொண்டு அட்டக்குளங்கரைக்குப் போய் பிரிண்ட் எடுத்துவந்தாய். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, கட்டுரையை என் முன்னாலும் பட்டியலை உன் முன்னாலும் வைத்தோம். நான் எட்டாம் கிளாஸ் ஆங்கிலத்தில் கட்டுரைக்குள் கிடக்கிற பெயர்களைத் தேடித் தேடி விளித்தேன். நீ பட்டியலில் விரலை வைத்து உண்டு, உண்டு என்றாய்.

அந்த மத்தியானம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று உன்னிடம் சொல்லவில்லை. வெளியே மழை. கடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், போன் இரண்டு தடவை அடித்தது, எடுக்கவில்லை. வெள்ளைக்காரன் பெயர், ஜப்பான்காரன் பெயர், இலங்கைக்காரன் பெயர் எல்லாம் நம் வீட்டு மேசைக்கு வந்து போயின. நான் ஒரு பெயரை நாலு விதமாகச் சொல்லிப் பார்ப்பேன், நீ ஐந்தாவது விதமாகச் சொல்லுவாய்.

"யாருலே இந்த எட் ஆல்? எல்லா இடத்திலயும் வாறான்?"

"அது ஆள் இல்லை அம்மா. மற்றும் கூட இருந்தவங்கன்னு அர்த்தம்."

"அப்ப நம்ம அண்ட் சன்ஸ் மாதிரி. போர்டுல அப்பன் பேரு, மூட்டை தூக்குறது பிள்ளைங்க."

"அதேதான். நானும் ரெண்டு மூணு கட்டுரையில எட் ஆலாத்தான் கெடக்கேன்."

சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பு, பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் புளிச் சாக்கின் மேல் ஏறி உட்கார்ந்து சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு. அது இன்னும் உன்னிடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்படியே போய்க்கொண்டிருக்கும்போது நான் "லேகா" என்று விளித்தேன்.

உன் விரல் பட்டியலில் நின்ற இடத்திலேயே நின்றது. எனக்கு அந்தப் பெயரைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது, அதனால் சத்தமாகவே இன்னொரு தடவை விளித்தேன்.

"அது வேண்டாம். வெட்டிரு."

"லிஸ்ட்ல இல்லையா?"

"நான்தான் எடுத்தேன். உள்ளே தப்பிக் கெடக்கு போல."

பென்சில் என் கையில் இருந்தது. நான் வெட்டாமல் இருக்கவும் நீ எட்டி வாங்கி நீயே வெட்டினாய். மேலே இரண்டு மூன்று சொல் எழுதினாய். என்ன எழுதினாய் என்று கேட்டதற்கு, "நாங்கள் பார்த்தோம்னு" என்றாய். அடுத்தது விளி என்றாய். நான் விளித்தேன். நீ உண்டு என்றாய். ஆனால் அதற்குப் பிறகு அந்த மேசையில் மழை நின்றுபோன மாதிரி ஆகிவிட்டது.

லேகா எனக்கு யார் என்று உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுதும்போது அவள் கொஞ்ச நேரம் இங்கே இருந்துவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது. நெடுமங்காட்டுப் பெண். உன்னோடு சேர்ந்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள். நீங்கள் இரண்டு பேரும் போனக்காட்டு மலையிலிருந்து இறங்கினால் நேரே ஆரியசாலைக்குத்தான் வருவீர்கள். காலில் அட்டை கடித்த ரத்தம் காய்ந்திருக்கும், தலையில் இலைத்தூசி. அவள் சாக்கின் மேல் உட்கார்ந்து, கேட்காமலே ஒரு துண்டுப் புளியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "அம்மே, இது கழிஞ்ச வருஷத்தில புளியல்லே?" என்பாள். சரியாகச் சொல்லுவாள். பக்கத்துக் கடைக்காரர்கள் யார் என்று கேட்டால், என் மகன் கூடப் படிக்கிற பெண் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டோம் என்று சொன்னீர்கள். அன்றிலிருந்து என் மருமகள் என்றே சொன்னேன். தாலி ஏறும் முன்னால் அப்படிச் சொல்லக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். நான் கேட்கவில்லை.

பிறகு அவள் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். அவள் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, பி.எஸ்.சி. அரசுத் தேர்வு எழுதி, வில்லேஜ் ஆபீஸில் வேலைக்குப் போனாள். உனக்கு அஸ்ஸாமில் வேலை கிடைத்தது. நீ வா என்றாய், அவள் அப்பாவை விட்டுவிட்டு எப்படி வருவது என்றாள். நீ கொஞ்சம் பொறுத்திருக்கலாம், அவள் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். இரண்டு பேரும் நல்ல சரக்கு, அதனால் இரண்டு பேரும் விலை குறைக்கவில்லை. நான் இதில் நியாயம் சொல்ல வரவில்லை. நீங்கள் மறுபடியும் சேர வேண்டும் என்று கேட்கவும் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அந்த ஆசை எனக்கு இருக்கிறது, அது என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும். நான் கேட்கிறது ஒரு பெயரை மட்டும்.

அன்றைக்கு மேசையை ஒதுக்கும்போது கேட்டேன், அந்த வரியில் என்ன இருந்தது என்று. நீ சொன்னாய். அந்தக் குட்டித் தவளை மூங்கில் கணுவுக்குள் இருக்கிற சின்ன ஓட்டை வழியாகப் போய் உள்ளே முட்டையிடும். ஆண் தவளை காவல் இருக்கும். மழை விட்டு உள்ளே காய ஆரம்பித்தால் அது வெளியே போய் நனைந்துவிட்டு வந்து முட்டையின் மேல் உட்கார்ந்து ஈரம் கொடுக்கும். இதை முதலில் பார்த்து எழுதியது லேகா. ஏதோ சின்னப் பத்திரிகையில் இரண்டு பக்கம்.

"அப்ப அவ பேரு வேணும்லே."

"அந்தப் பத்திரிகையை யாரும் வாசிக்கிறதில்லை அம்மா. ரிவ்யூ பண்ணினவங்களும் கேட்கலை. நானும் பிறகு அங்க போய்ப் பார்த்திருக்கேன். நாங்க பார்த்தோம்னு போட்டா தப்பில்லை."

"தப்பில்லைன்னா ஏன் முகத்தை அங்கிட்டுத் திருப்புறே?"

"அவளே விட்டுட்டுப் போயாச்சு. வில்லேஜ் ஆபீஸ்ல உட்கார்ந்து வருமானச் சர்ட்டிபிகேட்டுக்குச் சீல் குத்துறா. அவளுக்கு இனி தவளை எதுக்கு?"

அந்தக் கடைசி வாக்கியத்தை நீ கோபத்தில் சொன்னதாக நினைத்திருப்பாய். எனக்கு அதில் கோபம் கேட்கவில்லை. ஏக்கம்தான் கேட்டது. என்னிடமும் அதே சாமான் இருப்பதால் எனக்கு அதன் வாசனை தெரியும்.

நான் அப்போது மேலத்தெரு அண்ணாச்சி கதையைச் சொன்னேன், நீ பாதியில் எழுந்துவிட்டாய். முழுசாக இப்போது கேள். அண்ணாச்சிக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. என் பெரிய ஹோட்டல்காரனை அவர் பேசி இழுத்துக்கொண்டு போன நாளிலிருந்து கிடையாது. எதிரே வந்தால் அவர் வானத்தைப் பார்ப்பார், நான் தரையைப் பார்ப்பேன். ஆனால் மருந்துக்கு நல்ல கறுத்த பழம்புளி வேண்டும் என்று வைத்தியசாலைக்காரர்கள் வந்தால் நான் என்ன சொல்வேன்? அண்ணாச்சி கடைக்குப் போங்கள் என்பேன். என்னிடம் இருக்கிற புளியை அதுதான் என்று சொல்லித் தலையில் கட்டினால் யாருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் ஆரியசாலையில் அப்படிச் செய்தவன் யாரும் இரண்டாவது தலைமுறைக்குக் கடை வைத்ததில்லை. அவரும் அப்படித்தான். போன மாதம் குடம்புளி தேடி வந்த ஒருவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார்: "அங்க ஒரு அம்மா இருக்கு, எனக்கும் அதுக்கும் ஆகாது, ஆனா குடம்புளி அங்கதான் நல்லாருக்கும்னு அந்த அண்ணாச்சி அனுப்பினார்." நம்மிடம் இல்லாதது இருக்கிற இடத்துக்கு ஆள் அனுப்புவதுதான் மார்க்கெட். நீ விரலை வைத்துக் காட்டினாயே அந்தப் பட்டியல், அது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. இந்தக் காரியத்தை முதலில் கொண்டுவந்தவர் அங்கே இருக்கிறார், போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆள் அனுப்புவது. அதில் பிடித்தவன், பிடிக்காதவன் என்று பார்க்க முடியுமா?

"புளியும் இதும் ஒண்ணில்லை அம்மா. மதி" என்றாய். மதி என்று நீ சொன்னால் அதற்குமேல் பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் சோறு போதும் என்பதற்குச் சொல்லுவாய், கையால் தட்டை மூடிக்கொள்வாய்.

அப்புறம் இரண்டு நாளில் கிளம்பினாய். ஸ்டேஷனில் வைத்து நான் புளியோதரைப் பொட்டலத்தைக் கையில் தந்தேன். எந்த ஸ்டேஷன் வரை கெடாது என்று சொன்னேன். நீ தலையாட்டினாய். வண்டி நகர்ந்தது. அந்த வண்டிக்குப் பெட்டிகள் அதிகம். நீ இருந்த பெட்டி போன பிறகும் மற்றப் பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன, நான் எல்லாவற்றுக்கும் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். யார் யாரோ பதிலுக்குக் கைகாட்டினார்கள். ஒரு பட்டாளத்துப் பையன் சல்யூட் வைத்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் மேசையில் நீ விட்டுப்போன பிரிண்ட் கிடந்தது. நம் கரமனையில் அன்றைக்கு நல்ல மழை. பின்புறத்து ஓடையில் தவளைகள் ஆரம்பித்தன. முன்பெல்லாம் எனக்கு அது வெறும் இரைச்சல். லேகாதான் ஒருநாள் அடுக்களை ஜன்னலைத் திறந்துவைத்து, "அம்மே, இது ஒண்ணல்ல, மூணு ஜாதி உண்டு, கேளுங்க" என்று பிரித்துக் காட்டினாள். இப்போது என்னால் இரைச்சலாகக் கேட்க முடியவில்லை. மூன்றும் தனித்தனியாகத்தான் கேட்கிறது. இரண்டு பேரும் இல்லாத வீட்டில் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இனிதான் நான் எழுத வந்த விஷயம். நீ கூப்பிட்டதற்கு மறுநாள் லேகா கடைக்கு வந்தாள்.

அவள் வருவதை நீ அறிய மாட்டாய். இடையிடையே மார்க்கெட்டுக்குச் சாமான் வாங்க வருவாள், வந்தால் என்னிடம்தான் புளி எடுப்பாள். உன்னைப் பற்றி அவள் கேட்கமாட்டாள், நான் சொல்லமாட்டேன். அப்பாவுக்குக் கை கொஞ்சம் அசைகிறது, ஆபீஸில் வரிசை குறைவதே இல்லை, இப்படி ஏதாவது பேசிவிட்டுப் போவாள். இந்தத் தடவை எனக்கு வாய் நிற்கவில்லை. தவளைக் கட்டுரை அச்சுக்குப் போகிறது என்று சொல்லிவிட்டேன்.

அவள் புளியைக் கிள்ளுவதை நிறுத்தினாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது மக்களே. பொறாமையாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. "ஆ மூங்கில்ல இருக்கிற தவளையா? அது வந்நோ?" என்று இரண்டு தடவை கேட்டாள். எத்தனை பக்கம், படம் போட்டிருக்கிறானா, சத்தத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறான் என்று அடுக்கிக்கொண்டே போனாள். எனக்கு என்ன தெரியும்? தெரிந்ததைச் சொன்னேன். அந்த அப்பன் தவளை நனைந்து வந்து ஈரம் கொடுக்கிற கதையும் அதில் இருக்கிறது என்றேன். அவள் பெயர் வெட்டுப்பட்டது என்று நான் சொல்லவில்லை. என் வாயிலிருந்து அது வராது.

அவள் தெருப் பக்கம் திரும்பினாள். மூட்டை வண்டி ஒன்று வழியை அடைத்து நின்றது, ஆட்டோக்காரன் ஒருவன் அதன் பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னாள்:

"அதைக் கண்டப்ப நான் ஒத்தைக்கு இருந்தேன் அம்மே. எஸ்டேட் லயத்தில அந்தத் தமிழ்க்கார அக்கா வீட்டில தங்கி, தினமும் ஒத்தைக்குப் போய் அந்த மூங்கில் முன்னாடி இருப்பேன். மழை பெய்யும்போ அது உள்ளே இருக்கும். மழை நின்னா வெளியே போகும். எங்க போகுதுன்னு தெரியலை. நனைஞ்சு வரும். எனக்கு மனசிலானதும் யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணிச்சு. அங்க யாருமில்லை."

"அவன் எங்க போனான்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மைக்கு நினைவில்லையா? அவனுக்கு எலிப்பனி அல்லே. அம்மையோட கூடத்தானே இருந்தான்."

சாக்குக் கட்டுகிற கயிறு என் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

எனக்கு எப்படி மறந்தது? காலில் காயத்தோடு ஓடைத் தண்ணீரில் நின்று எலிக்காய்ச்சலை வாங்கிக்கொண்டு வந்தாய். ஆஸ்பத்திரியில் ஊசியும் டிரிப்பும் ஏற்றி, அபாயம் தாண்டிவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னிடம் இருந்தாய். கடையைப் பூட்டிவிட்டேன். குடம்புளி சீசன், லாரிகள் வரிசையில் நின்றன, நான் பூட்டிவிட்டேன். கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கரண்டியால் கொடுத்தேன், நீ சண்டை போடாமல் குடித்தாய். துணியை நனைத்து நெற்றியில் போடுவேன், காய்ந்தால் எடுத்து மறுபடியும் நனைத்துப் போடுவேன். மீசை முளைத்த பிறகு நீ என்னைத் தொடவிட்டது அந்த வாரம்தான். கண்ணைத் திறக்காமலே "அம்மா இருக்கியா" என்று கேட்பாய். இருக்கேன் மக்களே என்பேன். சாயங்காலம் ஆனால் லேகா, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிவந்து போன் பண்ணுவாள். "பனி குறைஞ்சோ அம்மே?" என்று காய்ச்சலைக் கேட்பாள். நீ கீழே வாயேன் என்று நான் சொன்னதற்கு, இப்போது இறங்கினால் இந்த வருஷத்து முட்டை போய்விடும், அவன் வேலை நின்றுபோகும் என்றாள். உன் வேலை என்றுதான் சொன்னாள். தன் வேலை என்று சொல்லவில்லை.

அந்த வாரத்தை நான் நோய் வந்த வாரம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. வெளியே சொன்னால் திட்டுவார்கள். பெற்ற பிள்ளை காய்ச்சலில் கிடந்த நாட்களை ஒரு தாய் இப்படி ஏங்குவாளா என்பார்கள். ஏங்குகிறேன். உனக்குக் காய்ச்சல் வேண்டாம். அந்த வாரம் வேண்டும்.

லேகா போன பிறகு உன் பிரிண்டை எடுத்துப் பார்த்தேன். நீ வெட்டின இடத்தில் மாதமும் வருஷமும் அச்சில் இருக்கிறது, நீ காய்ச்சலில் என்னிடம் கிடந்த அதே மாதம். அதற்கு மேலே பென்சிலில் உன் கையெழுத்து, நாங்கள் பார்த்தோம் என்று. நீ பொய் எழுதுகிறவன் இல்லை. பிறகு போய் நீயும் பார்த்திருப்பாய், உனக்கு இரண்டும் கலந்துபோயிருக்கும். வருத்தம் இருக்கிறவனுக்கு மனசு தனக்கு வேண்டியதைக் கண்டுகொள்ளும் என்று மேலேயே எழுதியிருக்கிறேன். அதனால்தான் விளிக்க இன்னொரு ஆள் வேண்டும். உனக்கு விளிக்கிறவள் நான். விளிக்கிறேன், தொட்டுப் பார்த்துச் சொல்.

அவளை அப்படியே மறந்துவிடு, பேசாதே, அவள் இருக்கிற ஊர்ப் பக்கம் வராதே. நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அது உன் இஷ்டம். ஆனால் அந்த மழையில் மூங்கிலுக்கு முன்னால் யார் உட்கார்ந்திருந்தது என்பது உன் இஷ்டம் இல்லை. எவனோ ஒருவன் எங்கேயோ ஒரு நாட்டில் இருந்துகொண்டு அந்தத் தவளையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உன் கட்டுரையைப் பிரிப்பான். அவனை அவளிடம் அனுப்பு. இரண்டு பக்கமோ அரைப் பக்கமோ, அவள் எழுதியது அங்கே இருக்கிறது. பட்டியலில் அவளுக்கு ஒரு வரி, அந்த ஜர்னல் கேட்கிற மாதிரி, சாய்க்க வேண்டியதைச் சாய்த்து, புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் வைத்து. அவ்வளவுதான். அதற்கு நீ அவளிடம் பேசக்கூட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை கெடு என்றாய். இதை நான் புதன்கிழமை கடையில் இருந்து எழுதுகிறேன். அங்கே உனக்கு இப்போது இருட்டியிருக்கும், இங்கே இன்னும் வெளிச்சம் இருக்கிறது. ப்ரூஃபைத் திறந்து அந்த வரிக்குப் போ. நாங்கள் பார்த்தோம் என்று அது அச்சில் ஏறிவிட்டால், அந்த வாரம் நீ மலையில் இருந்தாய் என்று ஆகிவிடும். எல்லாரும் அப்படித்தான் வாசிப்பார்கள், உனக்கும் காலப்போக்கில் அப்படித்தான் தோன்றும்.

இல்லை மக்களே. அந்த வாரம் நீ என்னோடு இருந்தாய். அதை என்னிடமிருந்து எடுத்துவிடாதே.

உன்
அம்மா